மூன்றெழுத்து வினைகள்

ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு எந்தச் சொல்லுக்கு என்று கேட்டால், பலரும் வாயில் நுழையாத லத்தீன் சொல் ஒன்றைத்தான் நினைப்பார்கள். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த இடம் ‘செட்’ என்ற வினைக்குக் கிடைத்தது. 430 பொருள்கள்; விளக்கமும் மேற்கோள்களுமாக ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம். பிறகு அந்த அகராதியை முழுக்கத் திருத்தும் பணியில் ‘ரன்’ என்ற வினையை எடுத்துக்கொண்டவர் பீட்டர் கிலிவர் என்னும் அகராதியாளர். ஏறத்தாழ ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு கிடந்தார். முடிவில் வினைவடிவத்துக்கு மட்டும் 645 பொருள்கள் தேறின.

‘செட்’, ‘ரன்’, ‘புட்’, ‘கெட்’ எல்லாமே ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொற்கள். ‘டேக்’, ‘மேக்’, ‘டர்ன்’ நான்கெழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற சொற்கள் இவை. ஆங்கிலம் நம்மைத் திணறவைப்பது பெரும்பாலும் இந்த எளிய சொற்களில்தான் என்பதும், நாம் அதைக் கற்பிக்கும் முறை இதற்கு நேர் எதிராக அமைந்திருக்கிறது என்பதும் என் கருத்து.

அகராதியாளர்கள் இந்தப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றார்கள். 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் ‘டேக்’ என்ற வினைக்கு 134 பொருள்கள் கொடுத்தார். முன்னுரையில், இத்தகைய பொதுவினைகள்தாம் தம்மை மிகவும் வாட்டின என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். நூறு ஆண்டு கழித்து, 1857இல், லண்டன் மொழிநூல் கழகம் புதிய அகராதி ஒன்றுக்குத் திட்டமிட்டது. எழுதப்பட்ட ஆங்கிலம் முழுவதையும் தன்னார்வலர்கள் வாசித்து, சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் சொல்லின் வரலாறு தானே தெரியும். இதுதான் வழிமுறை.

1879இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மரே, வந்து குவிந்திருந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. ‘அப்யூஸ்’ என்ற சாதாரணச் சொல்லுக்கு ஐந்து சீட்டுகூட இல்லை. வழக்கொழிந்துபோன ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டு வந்திருந்தது. வாசகர்கள் அபூர்வமான சொல்லைக் கண்டதும் பரவசப்பட்டு எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல்லைக் கவனிக்கவே இல்லை. சாதாரணச் சொற்களையும் தேடி அனுப்புங்கள் என்று மரே மறுபடி வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. மில் ஹில்லிலும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் தம் வீட்டுத் தோட்டத்தில் எழுப்பிய தகரக் கொட்டகையில், சுவரெங்கும் மாடம் மாடமாகச் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு அவர் வேலை செய்தார். பத்தாண்டில் முடியும் என்று ஒப்புக்கொண்ட வேலை. ஐந்து ஆண்டு கழித்து, 1884இல், முதல் பகுதி ‘ஆன்ட்’ (எறும்பு) என்ற சொல்லோடு நின்றது. மரே 1915இல் காலமானார். அகராதி 1928இல்தான் நிறைவு பெற்றது: 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்.

பொருள்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு ‘ரன்’ நல்ல சான்று. பழைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வினைகள் இருந்தன. தானே ஓடுவதற்கு ஒன்று. குதிரை போன்றவற்றை ஓடச்செய்வதற்கு இன்னொன்று. தமிழில் ‘ஓடு’ என்றும் ‘ஓட்டு’ என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அதே பிரிவுதான். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் காலப்போக்கில் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. அதனால்தான் இன்றைய ‘ரன்’னின் பொருள்களில் பாதி நமக்கு ‘ஓடு’வாகவும் பாதி ‘ஓட்டு’வாகவும் கேட்கிறது.

ஓடுகிற பக்கத்தில் இரண்டு மொழிகளும் நெடுந்தூரம் சேர்ந்தே போகின்றன. ஆறு ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது. அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போதும். ஓட்டுகிற பக்கத்திலும் கடையை ஓட்டுவது, வீட்டை ஓட்டுவது என்று ஒத்துப்போகிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு. ஆங்கிலத்தில் ஒருவர் தொழிற்சாலையை ‘ரன்’ செய்கிறார் என்றால் நிர்வகிக்கிறார் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. “ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்” என்று நம் ஊர்க் கடைக்காரர் சொன்னால் அதில் கடன், கைமாற்று, கவலை எல்லாம் கலந்திருக்கிறது.

பிறகு பாதை பிரிகிறது. சளி பிடித்தால் ஆங்கிலேயருக்கு மூக்கு ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். துணி துவைத்தால் அவர்களுக்குச் சாயம் ‘ரன்’ ஆகும். நமக்குச் சாயம் போகும். வங்கி திவாலாகப் போகிறது என்ற பேச்சு பரவி, பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க முண்டியடித்தால் அதுவும் ‘ரன்’. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்வார். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்வார். தமிழிலும் வேட்பாளர் நிற்கத்தான் நிற்கிறார்.

இந்தப் பொருள்களில் எதுவும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பொருளிலிருந்து கிளைத்தது. நீர் ஓடியது, ஆகவே நீர்போல் நீண்டு செல்லும் சாலையும் ‘ரன்’ ஆயிற்று. இயந்திரங்கள் வந்தபோது, நிற்காமல் இயங்குவதைச் சொல்ல ஒரு வினை தேவைப்பட்டது; கையருகில் இருந்தது இதுதான். ரயில் வந்தபோதும், செய்தித்தாள் வந்தபோதும், கணினி நிரல் வந்தபோதும் ஆங்கிலம் புது வினை தேடி அலையவில்லை. ‘ரன்’னின் பொருள்களில் கணிசமானவை தொழிற்புரட்சிக்குப் பிற்பட்டவை என்பது இதனால்தான்.

645 என்பது இயற்கை தந்த எண் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கே ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது தொகுப்பாளரின் தீர்ப்பு. பொருளை மிக நுணுக்கமாகப் பிரிப்பவர்களும் உண்டு, நெருங்கியவற்றை ஒன்றாகக் கட்டுபவர்களும் உண்டு. மாணவர்களுக்கான அகராதி இதே சொல்லைச் சில பத்துப் பொருள்களில் அடக்கிவிடும். அதில் பிழையும் இல்லை.

அதிகம் புழங்கும் சொல்லுக்கே அதிகப் பொருள் என்பதை எண்களால் காட்டியவர் ஹார்வர்டில் பணியாற்றிய ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது. ஒரு சொல் மற்றொன்றைவிட 100 மடங்கு அதிகமாகப் புழங்கினால், அதற்கு ஏறத்தாழ 10 மடங்கு பொருள்கள் இருக்கும். ஒரே சொல் பல பொருள் தாங்கும் நிகழ்வுக்கு ‘பாலிசெமி’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரெயால், ஆண்டு 1897. நம்மிடம் இதற்குப் பெயர் வெகு காலமாகவே இருக்கிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் ‘பலபொருள் ஒருசொல்’ என்று ஒரு வகையைச் சொல்லி, உடன் வரும் வினையால் பொருள் தெளிவாகுபவை, ஆகாதவை என்று இரண்டாகப் பிரிக்கிறது. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. 430 பொருளுள்ள சொல்லைக் கேட்டும் ஆங்கிலேயர் குழம்பாததற்குக் காரணமும் இதேதான். கூட வரும் சொல் பொருளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

‘செட்’டின் கதை வேறு மாதிரி. இது ‘சிட்’ என்பதன் பிறவினை. தமிழில் இரு–இருத்து என்பதுபோல, அங்கே உயிரொலியை மாற்றி உட்காருவதை உட்காரவைப்பதாக ஆக்கியிருக்கிறார்கள். மேசையில் தட்டுகளை வைப்பது, கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, வினாத்தாள் தயாரிப்பது என்று எல்லாமே ‘ஒன்றை அதன் இடத்தில் அமர்த்துவது’ என்ற மூலப்பொருளிலிருந்து வந்தவை. சிமென்ட் இறுகுவதும் சூரியன் மறைவதும்கூட அப்படித்தான். ஆனால் ‘ஒரு செட் பாத்திரம்’ என்பதில் உள்ள பெயர்ச்சொல்லில், பின்பற்றுவோர் கூட்டம் என்ற பொருளுள்ள லத்தீன் ‘செக்டா’ பிரெஞ்சு வழியாக வந்து கலந்திருக்கிறது. ஒலி ஒன்றானதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நாமும் சும்மா இருக்கவில்லை. செட் தோசை என்றோம், சினிமா செட் என்றோம், “அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது” என்று ஆங்கிலேயருக்கே தெரியாத ஒரு பொருளையும் உண்டாக்கிவிட்டோம். கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துவதில் வரும் ‘செட்டு’ மட்டும் இதில் சேராது. அது சிக்கனத்தைக் குறிக்கும் நம் சொந்தச் சொல்.

இப்படி ஒரே உடையில் இரண்டு சொற்கள் உலவும் நேர்வுகளில் மிகுந்த கவனம் வேண்டும். பாடநூல்கள் வழக்கமாகக் காட்டும் சான்று ‘பேங்க்’. ஆற்றங்கரை ஒன்று, பணம் போடும் இடம் மற்றொன்று, இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள். கரைக்கு உரியது வட ஐரோப்பியரான நார்ஸ்காரர்களின் மொழியிலிருந்து வந்தது. பணத்துக்கு உரியது இத்தாலிய வட்டிக்கடைக்காரர்களின் பலகையிலிருந்து வந்தது. ஆனால் இன்னும் பின்னே போனால் இரண்டும் பழைய ஜெர்மானிய வேர் ஒன்றில் சந்திக்கின்றன. ‘ஃபைன்’ என்பதும் அப்படியே. நேர்த்தியையும் அபராதத்தையும் அது குறிக்கிறது. முடிவு என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபினிஸ்’தான் இரண்டுக்கும் மூலம். முற்றாக முடிக்கப்பட்டது நேர்த்தியானது. வழக்கை முடித்துக்கொள்ளக் கட்டுவது அபராதம்.

இதில் நமக்கு மிக நெருக்கமான சொல் ‘கேஷ்’. கடையில் ‘கேஷா, கார்டா’ என்று கேட்கிறார்களே, அந்தச் சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் அதற்கு அடுத்தே இன்னொரு ‘கேஷ்’ தனிப் பதிவாக இருக்கும். அது சிறு நாணயத்தின் பெயர். போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போன நம் காசு. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை அந்த முறை நீடித்தது. நடுவில் துளையிட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘கேஷ்’தான். பெட்டியிலிருந்து பிறந்த சொல்லும் காசிலிருந்து பிறந்த சொல்லும் எழுத்தில் ஒன்றாகி, பொருளிலும் நெருங்கிவிட்டன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வரலாறு தெரிந்த அகராதியால் மட்டுமே முடியும்.

ஒரே மொழி பேசுகிறோம் என்று நம்புகிறவர்களுக்குள்ளேயே பொருள் முரண்படும்போது விளைவு கடுமையாகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத்தலைமைகள் கூடிப் பேசின. பிரிட்டிஷார் அவசரமான அறிக்கை ஒன்றை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றார்கள். அவர்கள் நாட்டில் அதற்கு, உடனே விவாதத்துக்கு வை என்று பொருள். அமெரிக்காவிலோ, ஒத்திப்போட்டுவிடு என்று பொருள். இவ்வளவு முக்கியமானதை எப்படித் தள்ளிப்போடலாம் என்று அமெரிக்கர்கள் எதிர்க்க, தகராறு முற்றியது. இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்பது பிறகுதான் புரிந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலின் மூன்றாம் தொகுதியில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

மரபுத்தொடர்களுக்கு வருவோம். இவற்றில் தனிச்சொல்லின் பொருளைக் கூட்டிப் பயனில்லை. ‘கிக் த பக்கெட்’ என்றால் செத்துப்போவது. வாளி உதைபட்டது என்று செயப்பாட்டில் மாற்றினால் சாவு போய் வாளிதான் மிஞ்சும். நம்முடைய ‘மண்டையைப் போட்டான்’ அப்படியே இதற்கு இணை. ‘மண்டை அவனால் போடப்பட்டது’ என்று எவரும் சொல்லமாட்டார்கள். பொருள் மட்டும் அல்ல, இலக்கணமும் உறைந்துவிட்டது.

சில தொடர்கள் ஒரு காலத்தில் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தவை. கடுமையாகக் கண்டிப்பதை ‘ரீட் த ரயட் ஆக்ட்’ என்பார்கள். 1715 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த கலகத் தடைச் சட்டம், 12 பேரோ அதற்கு மேலோ கூடி அமைதியைக் குலைத்தால், நீதிபதி ஒருவர் கலைந்து போகும்படி ஓர் அறிவிப்பைக் கூட்டத்தின் முன் உரக்கப் படிக்க வேண்டும் என்றது. படித்து ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்களுக்கு மரண தண்டனை வரை போகலாம். 1967இல் அந்தச் சட்டத்தை இங்கிலாந்து நீக்கிவிட்டது. தொடர் மட்டும் இன்று பிள்ளைகளை அதட்டும் தாயின் வாயில் இருக்கிறது.

வேறு சில தொடர்களுக்குச் சொல்லப்படும் கதைகளை நம்பக் கூடாது. கவனத்தைத் திசைதிருப்பும் செய்தியை ‘ரெட் ஹெர்ரிங்’ என்பார்கள். புகையிட்டுச் சிவந்த மீனை இழுத்துச்சென்று வேட்டைநாய்களை ஏமாற்றுவார்கள், அதிலிருந்து வந்தது என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். ஆனால் அந்தக் கதையைப் பரப்பியவர் வில்லியம் கொபெட் என்ற இதழாளர். 1807இல், சிறுவயதில் தாம் அப்படிச் செய்ததாக எழுதி, அன்றைய பத்திரிகைகள் ஏமாந்ததைச் சாடினார். தொடர் நிலைத்ததற்கு வேட்டைப் பழக்கத்தைவிட அந்த எழுத்தே காரணம் என்று சொல்வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மழை ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ஆகப் பெய்வதற்குக் கூரையில் படுத்த பூனைகளையும் நாய்களையும் காரணம் காட்டும் கதைக்கு ஆதாரமே இல்லை. கதை சுவையாக இருக்கிறது என்பது சான்று ஆகாது.

எளிய சொல் எளிதில் கற்கக் கூடியது என்ற நம்பிக்கையை ஒருமுறை பெரிய அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1930இல் சி.கே. ஆக்டன் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று 850 சொற்களே கொண்ட ஆங்கிலம் ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டும். 1943இல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில் இதை உலகப் பொதுமொழியாகவே பரிந்துரைத்தார். அந்த ஏற்பாட்டில் சகித்துக்கொள்வதைச் சொல்ல ‘புட் அப் வித்’ வேண்டும். அணைப்பதைச் சொல்ல ‘புட் அவுட்’. ‘புட்’, ‘அப்’, ‘வித்’ மூன்றையும் தனித்தனியே அறிந்தவருக்கு ‘சகித்துக்கொள்’ எங்கிருந்து புலப்படும்? சொற்கள் 850தான். அவற்றின் பொருள்களையும் கூட்டுகளையும் எண்ணினால் பல ஆயிரம். மனப்பாடம் செய்யும் பாரம் இறங்கவே இல்லை. வேறு தோளுக்கு மாறியது. திட்டம் மங்கிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் மதிப்பீடு.

இதைவிடச் சரியான வழியைக் காட்டியவர் வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த மைக்கேல் வெஸ்ட். 1953இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் புழங்குகிறது என்றும் அதில் கணக்கிட்டிருந்தது. எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்பதோடு, அந்தச் சொல்லின் எந்தப் பொருளை முதலில் கற்பிப்பது என்பதற்கும் அதில் விடை இருந்தது. எழுபது ஆண்டு கழித்தும் நம் போட்டித் தேர்வுக் கையேடுகள் அரிய சொற்களை ஒரு வரிப் பொருளோடு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. மரே அலுத்துக்கொண்ட ‘அப்யூஷன்’ சீட்டுகளைத்தான் நாமும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை, “மீட்டிங்கை கால் ஆஃப் பண்ணியாச்சு” என்று அலுவலகத்தில் கேட்டதும், கூட்டம் ரத்து என்று புரியாமல், யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைப்பது அந்தப் பிள்ளையின் குறை அல்ல.

ஆகவே ஆங்கிலம் படிக்கும் மாணவருக்கும் கற்பிக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். டேக், கெட், புட், செட், ரன், டர்ன், மேக், கிவ், கம், கோ என்று பத்து வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்று போதும். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தையும், எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் ஓர் ஆங்கில அகராதியையும் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பதிவை முதல் பொருளிலிருந்து கடைசிப் பொருள்வரை வாக்கியத்தோடு வாசியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பள்ளி நூலகத்தில் அத்தகைய அகராதி இல்லையென்றால் வாங்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.